வெற்று டிஸ்க் விவகாரம்

4

மாடிப்படியில் பாதி ஏறும்போதே சண்டைச் சத்தம் கேட்டுவிட்டது. ஷெத்லிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"நல்ல சகுனம் மேடம். சண்டை இல்லாத எடத்துல நமக்கு என்ன வேலை?"

"வாயை மூடிக்கிட்டு ஏறுங்க," என்றாள் எம்னா.

ஏறுவதுதான் பாடாக இருந்தது. ஜூலை மாதத்து ஸ்ஃபாக்ஸில் காலை பத்து மணிக்கே கைப்பிடிக் கம்பி சுடுகிறது. ஷெத்லி பதினாறு வருடம் லுவாஜ் ஓட்டியவன். எட்டுப் பேர் ஏறி உட்கார்ந்தால்தான் கிளம்பும் அந்த ஷேர் வண்டியில் கஃப்ஸாவுக்கும் ஸ்ஃபாக்ஸுக்கும் நடுவே அலைந்து முதுகு போனபின் எம்னாவிடம் வந்து சேர்ந்தான். எம்னா வங்கியில் கம்ப்யூட்டர் மேய்த்தவள், இப்போது தனியாகத் துப்பறிகிறாள். கம்ப்யூட்டருக்குள் காணாமல் போனதைத் தேடுவது அவள் வேலை. வண்டி ஓட்டுவதும், கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்பதும் ஷெத்லியின் வேலை. இரண்டாவதற்குச் சம்பளம் கிடையாது, ஆசைக்குச் செய்கிறான்.

மேலே, "திருடி! என் உப்பைத் தின்னுட்டு எனக்கே குழி பறிக்கிறா!" என்று கத்திக்கொண்டிருந்தவர் நோட்டரி ஸுஹைர் த்ரிகி. அறுபது வயது. இந்த வெயிலிலும் கழுத்தில் டை. அவருக்கு எதிரே, தோளில் பையை மாட்டியபடி நின்றவள் அவருடைய குமாஸ்தா விதாத். இருபத்தேழு வயதிருக்கும். கண் இரண்டும் சிவந்திருந்தன. ஆனால் அழவில்லை. அழுதால் ஒத்துக்கொண்டது போலாகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"வந்துட்டீங்களா?" என்று த்ரிகி எம்னாவைப் பார்த்தார். "மொதல்ல இதைக் கேளுங்க."

மூலையில் ஓர் இரும்பு அலமாரி. கதவில் சிவப்பு அரக்கு முத்திரை. உள்ளேயிருந்து டிக்... டிக்... கர்ர்ர் என்று ஒரு முனகல்.

"யாரு ஐயா உள்ளே?" என்றான் ஷெத்லி. "தொறந்து விடுங்க, பாவம்."

"கம்ப்யூட்டர்யா! அதுல இருக்கற பழைய டிஸ்க் சாகக் கெடக்கு. முப்பது வருஷப் பத்திரம் அதுலதான். வீடு, நெலம், ஆலிவ் தோப்பு, கல்யாண ஒப்பந்தம், எல்லாம். காகிதப் பதிவேடெல்லாம் போன வெள்ளத்துல தண்ணி குடிச்சுக் கஞ்சியாப் போச்சு. மிச்சம் இருக்கறது இந்த ஸ்கேன் மட்டும்தான். அது செத்தா ஊர்ப்பாதி ஜனங்களுக்கு வீடு தங்களோடதுன்னு காட்டவே வழியில்ல. புது டிஸ்க் வாங்கிக் குடுத்து, அப்படியே அச்சு அசலா நகல் எடுன்னேன். மூணு தரம், ஒவ்வொரு தரமும் வேற வேற டிஸ்க்குல எடுத்தா. மூணும் வெத்து!"

"வெத்து இல்ல," என்றாள் விதாத். குரல் நடுங்கினாலும் வார்த்தை நடுங்கவில்லை. "ஒவ்வொரு தரமும் ஆறு மணி நேரம் ஓடுச்சு. ஒரு துளி பாக்கியில்லாம முடிஞ்சுதுன்னுதான் மிஷின் சொல்லுது. அப்புறம் பார்த்தா, புது டிஸ்க்கை அது ஏறெடுத்தும் பாக்க மாட்டேங்குது."

"ஏன் பாக்கல? நான் சொல்றேன். எதிர் ஆபீஸ் நோட்டரி பஷீர் கமூன்கிட்ட வேலை பாக்கறானே ஹாத்தெம், அவனுக்கும் இவளுக்கும் செப்டம்பர்ல கல்யாணம். நல்ல நகலை அந்தப் பக்கம் தள்ளிட்டு எனக்கு வெறும் டிஸ்க்கைக் காட்றா. கோடைக்கு ஒரே வேளை ஆபீஸ். ரெண்டு மணிக்கு மூடுவேன். அதுக்குள்ள நீங்க வேற ஏதாவது கண்டுபிடிச்சுச் சொல்லலைன்னா நேரா போலீஸ் ஸ்டேஷன்தான்!"

விதாத் எம்னாவின் பக்கம் திரும்பினாள். "அக்கா, போலீஸ்ல என் பேரு ஒரு தரம் ஏறிட்டா அப்புறம் எந்த நோட்டரி என்னை வாசப்படி ஏத்துவான்? ஹாத்தெம் வீட்ல மட்டும் சும்மா இருப்பாங்களா?"

எம்னா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஷெத்லிக்குத்தான் மனசு கேட்கவில்லை.

"ஐயா, ஒரு சந்தேகம். ஆறு ஆறு மணி நேரம் மிஷின் ஓடுச்சா இல்லையான்னு கரண்டு மீட்டரைப் பார்த்தாலே தெரியுமே. காசுல கெட்டியான ஸ்ஃபாக்ஸ்காரரு நீங்க, பாக்காமயா இருந்திருப்பீங்க?"

த்ரிகி ஒரு கணம் விறைத்தார். பிறகு, "பார்த்தேன்," என்றார். "ஓடியிருக்கு."

"மூணு தரமுமா?"

"மூணு தரமும் குறிச்சு வச்சிருக்கேன்."

"அப்ப நகல் எடுக்காத பொண்ணு பதினெட்டு மணி நேரம் மிஷினை ஓட்டி என்ன பண்ணுச்சு? பாட்டா கேட்டுச்சு?"

"ஷெத்லி," என்றாள் எம்னா, "கீழ போய் எனக்கு ஒரு கபுசான் வாங்கிட்டு வாங்க." கேள்வி பிடித்திருந்தால் அவள் இப்படித்தான் துரத்துவாள். ஷெத்லிக்குத் தெரியும்.

கீழே கஃபேயில் பால் கலந்த அந்தக் குட்டிக் காப்பிக்காக நின்றபோது ஷெத்லி அண்ணாந்து பார்த்தான். எதிர்க் கட்டடத்தின் முதல் மாடி ஜன்னலில் ஓர் இளைஞன். த்ரிகியின் ஜன்னலையே வெறித்துக்கொண்டிருந்தான். ஷெத்லியின் கண்ணைச் சந்தித்ததும் சட்டென்று திரைச்சீலையை இழுத்துவிட்டான்.

அடடே, என்றது ஷெத்லியின் மனசு. மாப்பிள்ளைக்கு என்னவோ குறுகுறுக்குது.

காப்பியோடு ஓடிவந்து எம்னாவின் காதில் ஓதினான். அவள் தலையைக்கூட அசைக்கவில்லை. த்ரிகியிடம் விசாரித்துக்கொண்டிருந்தாள்.

"நகல் வெத்துன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க? செஞ்சு காட்டுங்க."

த்ரிகிக்கு உற்சாகம் வந்துவிட்டது. டையைச் சரிசெய்துகொண்டார். "அம்மா, படிக்கற காலத்துலயே நான் நகராட்சியில பதினோரு வருஷம் கவுண்டர்ல உக்காந்தவன். 'அசலுக்கு ஒத்த நகல்' முத்திரை என் கையால எத்தனை ஆயிரம் குத்தியிருப்பேன்னு கணக்கே இல்ல. சட்டம் ஒண்ணுதான். அசலும் நகலும் பக்கத்துல பக்கத்துல இருக்கணும். கண்ணு ரெண்டையும் ஒரே நேரத்துல பாக்கணும். அசல் இல்லாம நகலை மட்டும் நீட்றவன் மூஞ்சியிலயே கவுண்டரைச் சாத்துவேன்."

"லைசென்ஸ் அசலை வீட்ல வச்சுட்டு வந்ததுக்கு என்னை வெயில்ல திருப்பி அனுப்பினது நீங்கதானா?" என்றான் ஷெத்லி.

"நானாத்தான் இருக்கும்," என்றார் த்ரிகி பெருமையாக. "அதே முறைதான் இங்கயும். அசல் அலமாரியை விட்டு நகரக் கூடாதுன்னு அரக்கு வச்சிருக்கேன். நகல் எடுத்த டிஸ்க்கை வெளியில கேபிள்ல மாட்டி, ரெண்டும் சேர்ந்து இருக்கறப்போ மிஷினைக் கேப்பேன். இதோ."

மேஜை டிராயரைத் திறந்து ஒரு புது டிஸ்க்கை எடுத்து மாட்டினார். எம்னா தட்டினாள். திரையில் வெள்ளை எழுத்து வரிவரியாக ஓடியது. கடைசியில் ஒரே ஒரு பெயர்தான் நின்றது. பழைய டிஸ்க்கின் பெயர்.

"பாத்தீங்களா? புதுசு எங்க? இருந்தாத்தானே வரும்!" என்றார் த்ரிகி. "சரி, மிஷின்தான் பொய் சொல்லுதோன்னு என் சொந்த லேப்டாப்புலயும் போட்டுப் பார்த்தேன். அது என்ன சொல்லிச்சு தெரியுமா? 'இதில் எதுவும் இல்லை, துடைத்துத் தயார் செய்யட்டுமா?'ன்னு கேக்குது."

எம்னாவின் கை காப்பிக் கோப்பையோடு பாதியில் நின்றது. "நீங்க சரின்னு அமுக்கலியே?"

"எதுக்கு அமுக்கணும்? முன்ன பின்ன தெரியாதவன் எதைக் கேட்டாலும் வேண்டாம்னுதான் சொல்லுவேன்."

"யா லத்தீஃப்! அந்தக் குணம் உங்களைக் காப்பாத்துச்சு," என்றாள் எம்னா. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, ஓடிப்போன வரிகளை மெதுவாக மேலே தள்ளிப் படித்தாள். ஷெத்லி அவள் முகத்தையே பார்த்தான். அவளுடைய இடது புருவம் ஒரு நூல் உயர்ந்தது. ஆளைப் பிடித்துவிட்டாள்.

"ஐயா, உங்க நகராட்சிக் கவுண்டருக்குப் போவோம். ஒருத்தன் வர்றான், அடையாள அட்டையை நீட்றான். நம்பரைப் பாக்கறீங்க, உள்ள விடறீங்க. பின்னாடியே இன்னொருத்தன் வர்றான். அதே மூஞ்சி, அதே சட்டை, அதே அட்டை, அதே நம்பர். என்ன பண்ணுவீங்க?"

"ரெண்டாவது ஆளை வெளிய தள்ளுவேன். ஒரு நம்பருக்கு ஒரு ஆள்தான்."

"உங்க மிஷினும் அதைத்தான் பண்ணுச்சு."

விதாத் ஓரடி முன்னால் வந்தாள்.

"இது லினக்ஸ் மிஷின்," என்றாள் எம்னா. "இதுல டிஸ்க்கை நேரடியாப் பயன்படுத்தறதில்ல. டிஸ்க்கை ஒரு கிடங்கா வச்சுக்கிட்டு, உள்ள வேணுங்கற அளவுக்கு அறை தடுத்துக்குவாங்க. அந்த அறைகளுக்குத்தான் லாஜிக்கல் வால்யூம்னு பேரு. எந்தக் கிடங்கு யாரோடதுன்னு மிஷின் எப்படித் தெரிஞ்சுக்கும்? வெளித்தோற்றத்தைப் பார்த்து இல்ல. உள்ள எழுதியிருக்கற ஒரு நீள நம்பரைப் பார்த்து. உலகத்துல ஒரு டிஸ்க்குக்கு இருக்கற நம்பர் இன்னொண்ணுக்கு இருக்கக் கூடாது. இந்தப் பொண்ணு என்ன பண்ணிச்சு? அச்சு அசலா நகல் எடுன்னீங்க, எடுத்துச்சு. பத்திரத்தோட சேர்த்து அந்த நம்பரையும் நகலெடுத்துச்சு. அப்புறம் உங்க முறைப்படி ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சீங்க. மிஷின் பார்த்துச்சு. ஒரே நம்பர்ல ரெண்டு பேர். முதல்ல வந்தவனை வச்சுக்கிட்டு ரெண்டாவது ஆளைத் தள்ளிடுச்சு. இதோ, எழுதியே வச்சிருக்கு. இந்த நம்பர் ஏற்கெனவே இருக்கு, ரெண்டாவதைப் பயன்படுத்தலைன்னு."

"அப்ப என் லேப்டாப்பு?"

"அதுக்கு இந்தக் கிடங்குப் பாஷை தெரியாது. தெரியாத பாஷையில எழுதின புஸ்தகத்தைப் பார்த்து வெறும் காகிதம்னுச்சு."

ஷெத்லிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஐயா, சுருக்கமாச் சொன்னா நகல் சரியில்லாததால தோக்கல. ரொம்பச் சரியா இருந்ததால தோத்துச்சு. கொஞ்சம் சுமாரா வேலை பார்த்திருந்தா இந்தப் பொண்ணுக்கு இந்தக் கெட்ட பேரே வந்திருக்காது."

"முதல் நாளே சொன்னேன் அக்கா," என்றாள் விதாத். இப்போது குரலில் கோபம் ஏறியது. "அசலைக் கழட்டிட்டு நகலை மட்டும் வச்சுப் பாக்கலாம் ஐயான்னு. அரக்கைத் தொட்டா கையை ஒடிப்பேன்னாரு."

"இதெல்லாம் பேச்சு," என்றார் த்ரிகி. ஆனால் பேச்சில் பழைய வேகம் இல்லை. "நிரூபணம் வேணும்."

"நிரூபணத்துக்கு மிஷினை அணைக்கணும். அரக்கை உடைச்சு அசலைக் கழட்டணும்."

"அணைக்கறதா? காலையிலேருந்து அது முனகற முனகலுக்கு, அணைச்சா திரும்ப எந்திரிக்குமா?"

எம்னா பொய் சொல்லவில்லை. "எந்திரிக்காமலும் போகலாம்."

"அப்ப நகலும் வெத்தா இருந்துட்டா? முப்பது வருஷம்மா! அணைக்க விட மாட்டேன்!" அலமாரி முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார். அவர் நெற்றியில் வியர்வை வழிந்தது. இந்த மனுஷன் வெறும் முரடன் இல்லை, உண்மையாகவே பயந்துபோயிருக்கிறார் என்று ஷெத்லிக்கு அப்போதுதான் உறைத்தது.

விதாத் தோளிலிருந்து பையை இறக்கி அவருடைய மேஜைமேல் வைத்தாள்.

"ஐயா, அணைங்க. நகல்ல ஒரு பத்திரம் குறைஞ்சாலும் நானே போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்து போறேன். நீங்க வரவே வேண்டாம்."

த்ரிகி அவளைப் பார்த்தார். நாலு வருடமாகத் தினமும் பார்த்த முகம்தான். கடைசியில் கையை இறக்கினார். அரக்கைத் தானே உடைத்தார்.

எம்னா அணைத்தாள். முனகல் நின்றது. பழைய டிஸ்க்கைக் கழற்றி ஷெத்லியின் கையில் கொடுத்தாள். சுட்ட ரொட்டி மாதிரி கொதித்தது. விதாத் புது டிஸ்க்கை மாட்டினாள். எம்னா பொத்தானை அழுத்தினாள்.

கறுப்புத் திரை. ஒரு வரி. இரண்டு வரி. அப்புறம் எதுவும் வரவில்லை. த்ரிகியின் உதடு ஏதோ ஓதிக்கொண்டிருந்தது. விதாத் மட்டும் அசையாமல் நின்றாள்.

சடசடவென்று வரிகள் கொட்டின. திரை வெளுத்தது. விதாத் குனிந்து, முப்பது வருடத்தின் முதல் கோப்பைத் திறந்தாள். ஓர் ஆலிவ் தோப்பு, நூற்றிப் பன்னிரண்டு மரம், விற்றவர், வாங்கியவர், கீழே இளவயது த்ரிகியின் நீளக் கையெழுத்து. அடுத்தது திறந்தாள். அடுத்தது. கடைசியாகப் போன வாரத்துக் கல்யாண ஒப்பந்தம். எல்லாம் இருந்தது.

த்ரிகி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "அல்ஹம்துலில்லாஹ்," என்றார். முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார்.

"ரெண்டும் பக்கத்துல இருந்தாத்தான் உங்களுக்குத் தூக்கம் வரும்னா அதுக்கும் வழியிருக்கு," என்றாள் எம்னா. "ஒரே ஒரு கட்டளை. நகலுக்குப் புது நம்பர் குடுத்துடலாம். அதுக்கப்புறம் ரெண்டு பேரும் ஒரே கவுண்டர்ல நிக்கலாம், மிஷின் யாரையும் தள்ளாது. டிராயர்ல இருக்கற மத்த நகலையும் எடுங்க, சேர்த்தே முடிச்சுடறேன்."

விதாத் டிராயரிலிருந்து ஒரு டிஸ்க்கை எடுத்து வைத்தாள்.

ஷெத்லிக்கு ஒரு பழக்கம் உண்டு, சாகிறவரை போகாது. பதினாறு வருடம் வண்டியில் தலையெண்ணித் தலையெண்ணி, எதைப் பார்த்தாலும் எண்ணிவிடுவான். படியில் எத்தனை, ஜன்னலில் எத்தனை, தட்டில் எத்தனை. இப்போதும் எண்ணினான். மிஷினில் ஒன்று. மேஜையில் ஒன்று.

"ஐயா," என்றான். "மூணு டிஸ்க்ல மூணு நகல்னு சொன்னீங்க. வண்டியில ஒரு ஆள் குறையுதே?"

"அதுவா?" த்ரிகி கைக்குட்டையை மடித்தார். பயம் போனதும் பழைய மிடுக்கு திரும்பியிருந்தது. "முதல் நகல் வெத்துன்னு தெரிஞ்சதுமே, ஓட்டை டிஸ்க்கைக் குடுத்து ஏமாத்தறியாடான்னு கடைக்காரன்கிட்ட சண்டை போட்டுத் திருப்பிக் குடுத்துட்டேன். வேற டிஸ்க் வாங்கிட்டுத்தான் விட்டேன். என்னையா ஏய்க்கிறான்?"

சொல்லி முடித்த பிறகும் அவர் முகத்தில் அந்தப் பெருமிதம் இரண்டு வினாடி இருந்தது. பிறகு எல்லோரும் தன்னையே பார்ப்பதைப் பார்த்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நுணல் டை கட்டியிருந்தது.

"அந்த டிஸ்க்குல..." என்று ஆரம்பித்தார்.

"முப்பது வருஷம்," என்றாள் எம்னா. "ஒரு பத்திரம் குறையாம."

த்ரிகி போனை எடுத்தார். இரண்டு தடவை தப்பான எண்ணைப் போட்டார். விதாத் வாங்கி எண்ணைப் போட்டு ஸ்பீக்கரை அமுக்கினாள்.

"அந்த டிஸ்க்கா?" என்றது கடைக்காரர் குரல். "நல்லாத்தான் இருந்துச்சு ஐயா. மாட்டிப் பார்த்தேன், காலி. நீங்க சும்மாவே சண்டை போட்டீங்க. திரும்பப் பெட்டியில போட்டு வித்துட்டேன். நேத்துதான். உங்க எதிர் ஆபீஸ் ஹாத்தெம் வாங்கிட்டுப் போனான்."

விதாத்தின் கையிலிருந்து போன் நழுவி மேஜையில் விழுந்தது. முகம் சுண்ணாம்பாய் வெளுத்துவிட்டது. இவ்வளவு நேரம் போராடிக் கழுவின கறை முழுசாகத் திரும்பி வந்து ஒட்டிக்கொண்டது. நகல் எதிர் ஆபீஸில். அதுவும் அவள் கட்டிக்கொள்ளப் போகிறவன் கையில்.

"பாத்தீங்களா!" என்று த்ரிகி எழுந்தார். "நான் சொன்னேனா இல்லையா? கடைசியில அவன்கிட்டதான் போய்ச் சேர்ந்திருக்கு!"

ஷெத்லிக்கு வந்த கோபத்தில் கேலிகூட மறந்துபோனது. "சேர்த்தது யாரு ஐயா?"

த்ரிகி எழுந்த வேகத்திலேயே உட்கார்ந்தார்.

எம்னா எழுந்தாள். "வாங்க, கீழ போவோம்."

கூப்பிட வேண்டிய வேலையே இருக்கவில்லை. அவர்கள் தெருவைக் கடப்பதற்குள் ஹாத்தெமே எதிர் வாசலில் இறங்கி வந்துவிட்டான். நெட்டை, ஒல்லி. நெஞ்சோடு ஒரு காகித உறையை அணைத்திருந்தான். இரவெல்லாம் தூங்காத முகம்.

"ஐயா, இது உங்களோடது," என்றான் த்ரிகியிடம். "எங்க மிஷினும் உங்களுது மாதிரிதான். புது டிஸ்க்குன்னு மாட்டினேன். பார்த்தா முதல் பக்கமே உங்க கையெழுத்து. உடனே அணைச்சுட்டேன். சத்தியமா அடுத்த பக்கம் பாக்கல. எங்க முதலாளி கோர்ட்டுக்குப் போயிருந்தாரு, அவருக்கும் தெரியாது. டிராயர்ல வச்சுப் பூட்டினேன்."

"நேத்தே ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றாள் விதாத். "காலையிலேருந்து என்னைத் திருடி திருடின்னு இவரு கத்தறது தெருவுக்கே கேக்குது! ஜன்னல்ல நின்னுக்கிட்டு வேடிக்கை பாத்தியா நீ?"

"சொன்னா நீ என்ன பண்ணியிருப்ப? அடுத்த நிமிஷமே உன் கையால கொண்டுபோய்க் குடுத்திருப்ப. உன் கையிலிருந்து வந்தா இவரு உன்னை விட்டிருப்பாரா? என் கையால குடுத்தாலும், நீ எனக்குக் குடுத்ததைத்தான் திருப்பறேன்னுவாரு. எப்படிப் பார்த்தாலும் உன் தலையிலதான் விழும். எனக்கு ஒண்ணுமே புரியல, விதாத்." உறையை இன்னும் இறுக்கிக்கொண்டான். "போலீஸ்னு இவரு கத்தினது காதுல விழுந்துச்சு, நீங்க எல்லாரும் எறங்கறதைப் பார்த்ததும் நானும் எறங்கிட்டேன். வர்றது வரட்டும்னு."

விதாத் அவனை அடிக்கப் போகிறவள் மாதிரி கையை ஓங்கினாள். ஓங்கின கை அவன் சட்டைக் காலரைப் பிடித்துச் சரிசெய்துவிட்டுக் கீழே வந்தது. "மக்கு," என்றாள்.

கஃபே நாற்காலிகளில் பேச்சு நின்றுபோயிருந்தது. மீன்காரர் தராசைக் கீழே வைத்துவிட்டார். மாடிகளில் ஜன்னல்கள் ஒன்றொன்றாகத் திறந்தன. ஷெத்லி எண்ணினான். பதினேழு தலை.

எம்னா உறையைப் பிரித்து, டிஸ்க்கின் மேல் அச்சடித்த எண்ணை விதாத் குறித்து வைத்திருந்ததோடு ஒப்பிட்டாள். "இதேதான். முதல் நகல்." த்ரிகியின் கையில் வைத்தாள். "கேஸ் முடிஞ்சுது ஐயா. உங்க பத்திரம் வெளிய போனது நிஜம். கொண்டு போன ஆளும் கெடைச்சாச்சு."

த்ரிகி டிஸ்க்கைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். "விதாத், மேல வாம்மா. உள்ள போய்ப் பேசிக்கலாம்."

"வேண்டாம் ஐயா," என்றாள் விதாத். "இங்கயே சொல்லுங்க."

"என்ன சொல்லணும்?"

"உங்களுக்குத் தெரியும்."

வெயில் தலையைப் பிளந்தது. த்ரிகி டையைத் தளர்த்தினார். காலையிலிருந்து இத்தனை வெயிலிலும் இறுக்கமாகவே இருந்த டை.

"விதாத் எடுக்கல," என்றார், பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"என்னது ஐயா?" என்றார் மீன்காரர். "காதுல விழல."

"விதாத் எடுக்கலைய்யா!" த்ரிகி நிமிர்ந்தார். ஆரம்பித்த பிறகு அந்த மனுஷன் பாதியில் நிறுத்துகிற ரகம் இல்லை. "எங்க ஆபீஸ் பத்திரத்தையெல்லாம் தெருவுக்குக் கொண்டு போனது நான்! ஸுஹைர் த்ரிகி! முப்பது வருஷத்தைக் கடைக்காரன்கிட்ட தூக்கிக் குடுத்துட்டு, அதைக் காப்பாத்தின பொண்ணைத் திருடின்னேன். இவ மூணு தரம் எடுத்த நகலும் சுத்தம். எல்லாரும் கேட்டுக்குங்க!"

அப்புறம் மேல்மாடியிலிருந்து யாரோ கைதட்டினார்கள்.

விடிந்ததிலிருந்து அடக்கிவைத்திருந்த அழுகை விதாத்துக்கு அப்போதுதான் வந்தது. ஹாத்தெம் பதறி நெருங்கினான். அவள் கையமர்த்திவிட்டு, நின்ற இடத்திலேயே நன்றாக அழுதாள். புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு த்ரிகியைப் பார்த்தாள்.

"நாளைக்கு... நாளைக்கு வருவே இல்லம்மா?" என்றார் அவர்.

"எட்டு மணிக்கு வரேன் ஐயா."

அவர் முகம் மலர்ந்தது.

"வந்து, வேலையில இருக்கேனா, விட்டு நின்னுக்கறேனான்னு சொல்றேன்," என்றாள் விதாத். "அதுவரைக்கும் ஒரு ராத்திரி நீங்களும் தூங்காம இருந்து பாருங்க."